பிறப்புப் பதிவில் 'இனம்' என்றொரு கட்டம்: சிங்கப்பூரில் எதை நிரப்புவது, எப்படிப் பேசுவது

கேள்வி: நான் தமிழ்நாட்டிலிருந்து வந்து சிங்கப்பூரில் நிரந்தரவாசி ஆனவன். மனைவி இங்கேயே பிறந்து வளர்ந்த சீனர். எங்களுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. பிறப்புப் பதிவில் 'இனம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் என்ன போடுவது? போட்டதால் பிற்பாடு என்ன ஆகும்? இனத்தைப் பற்றி ஏதாவது கேட்டால் இங்கே எல்லோரும் பேச்சை மாற்றிவிடுகிறார்களே, அது ஏன்?

பதில்:

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். உங்கள் குழந்தைக்கு நான்கு வழிகள் உண்டு: இந்தியர், சீனர், இந்தியர்-சீனர், சீனர்-இந்தியர். இரட்டை இனப் பதிவு 2011 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சிறுகோட்டின் எந்தப் பக்கம் எந்த இனம் நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். வீடு வாங்கும்போது பார்க்கப்படும் இன விகிதம் போன்றவற்றுக்கு முன்னால் நிற்கும் இனத்தையே எடுத்துக்கொள்கிறார்கள். 'இந்தியர்-சீனர்' என்று பதிந்தால் அந்தக் கணக்கில் உங்கள் பிள்ளை இந்தியர். பின்னால் நிற்பது குடும்பத்தின் நிறைவுக்காக நிற்கிறது. அந்த நிறைவும் முக்கியம்தான், அது கணக்கில் ஏறாது என்று தெரிந்து போடுங்கள். பதிவைக் குழந்தை பிறந்த 42 நாளுக்குள் முடிக்க வேண்டும். பெயர் வைப்பதிலேயே ஒரு மாதம் ஓடிவிடும், ஆகவே இதையும் இப்போதே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

மற்ற இரண்டு கேள்விகளுக்கும் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவருக்கு 'இந்தியர்' என்றால் நாடு. இனம் என்றால் தமிழினம், அல்லது சொந்தபந்தம். 'இனத்தார்' என்று உறவுக்காரர்களைச் சொல்லிப் பழகிய காது நமக்கு. சிங்கப்பூரில் 'இந்தியர்' என்பது நான்கு பெட்டிகளில் ஒன்றின் பெயர்: சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர். நான்காம் தலைமுறையாகச் சிங்கப்பூரில் இருக்கிற, இந்தியாவை ஒருமுறைகூடப் பார்க்காத தமிழரும் 'இந்தியர்'. யாழ்ப்பாணத்துப் பூர்விகம் உள்ளவரும், பஞ்சாபியும், மலையாளியும், சிங்களவரும் அதே பெட்டிக்குள்தான். சீனப் பெட்டிக்குள் ஹொக்கியன், தியோச்சியூ, காண்டனீஸ், ஹக்கா, ஹைனானீஸ் என்று ஒருவர் பேச்சு இன்னொருவருக்குப் புரியாத பல கூட்டங்கள் உண்டு. மலாய்ப் பெட்டிக்குள் ஜாவாக்காரரும் பாவியான்காரரும் பூகிஸ்காரரும் இருக்கிறார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சேர்ந்த தொகையில் சீனர் 74.3 விழுக்காடு, மலாய்க்காரர் 13.5, இந்தியர் 9, மற்றவர் 3.2.

இந்தப் பெட்டிகளின் அடித்தளம் பிரிட்டிஷ் காலத்தது. ராஃபிள்ஸ் 1822இல் கொடுத்த உத்தரவின்படி லெப்டினன்ட் ஜாக்சன் வரைந்த நகரத் திட்டத்தில் ஆற்றின் தென்கரை சீனருக்கு, மேற்கே ஆற்றோரம் சூலியாக்கள் எனப்பட்ட தென்னிந்திய வணிகர்களுக்கு, கம்போங் கிளாம் பக்கம் அரபியருக்கும் பூகிஸ்காரருக்கும் என்று இடம் குறித்திருந்தார்கள். அந்தக் காலப் பதிவுகளில் நம்மவர்களை 'கிளிங்' என்று எழுதினார்கள். கலிங்கத்திலிருந்து கிளைத்ததாகச் சொல்லப்படும் அந்தச் சொல் தொடக்கத்தில் வெறும் பெயராகத்தான் இருந்தது. போகப்போக வசையாகத் திரிந்தது. கிளிங் ஸ்திரீட் என்று இருந்த தெரு 1920களின் தொடக்கத்தில் சூலியா ஸ்திரீட் ஆனது. மலாய்ப் பேச்சில் 'கெலிங்' இன்றும் காயப்படுத்தும் சொல்தான். ஒரு பெயர் எப்போது வசையாகிறது என்பதை அகராதி முடிவு செய்வதில்லை. யார், யாரிடம், எந்தத் தொனியில் சொன்னார் என்பதே முடிவு செய்கிறது.

இன்று இந்தப் பெட்டி உங்கள் வாழ்க்கையைத் தொடும் இடங்களில் முதலில் வருவது வீடு. பணம் சிக்குவது இங்கேதான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டும் அரசாங்க அடுக்குமாடி வீடுகளுக்கு இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989 மார்ச் 1 முதல் இருக்கிறது. பெடோக், தெம்பனீஸ் பக்கம் மலாய்க்காரரும், ஹவ்காங் பக்கம் சீனரும் ஒரே இடத்தில் குவிவதைப் பார்த்துக் கொண்டுவரப்பட்டது. ஒரு வட்டாரத்தில் சீனர் 84 விழுக்காடு, மலாய்க்காரர் 22, இந்தியரும் மற்றவரும் சேர்த்து 12 வரை இருக்கலாம். ஒரு புளோக்கில், அதாவது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், இந்த வரம்பு முறையே 87, 25, 15. இந்தியர், மற்றவருக்கான வரம்பு முதலில் 10, 13 என்றுதான் இருந்தது, 2010 மார்ச்சில் உயர்த்தினார்கள். புளோக் வரம்பைக் கூட்டினால் 127 வருவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அவை உச்ச வரம்புகள், ஒதுக்கீடுகள் அல்ல. நிலவரத்தை மாதம் ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். அதனால் போன மாதம் வாங்க முடிந்த புளோக்கில் இந்த மாதம் முடியாமல் போகலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன் வீவக இணையத்தளத்தில் புளோக் எண்ணைப் போட்டு நீங்களே பாருங்கள். முகவர் வாயால் சொன்னதை மட்டும் நம்ப வேண்டாம்.

விதி இதுதான்: ஒரு புளோக்கில் ஓர் இனத்தின் வரம்பு நிரம்பிவிட்டால், அந்த இனத்தவர் அங்கே வீடு வாங்க வேண்டுமானால் விற்பவரும் அதே இனத்தவராக இருக்க வேண்டும். படிக்கும்போது எல்லோருக்கும் சமமான விதிபோலத்தான் தெரியும். நடைமுறையில் சுமை சமமாக விழுவதில்லை. சீனர் வரம்பு நிரம்பிய ஒரு புளோக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சீன உரிமையாளர் சீனருக்கும் விற்கலாம், மற்றவர்களுக்கும் விற்கலாம். அதே மாடியில் இருக்கும் இந்தியர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சீனர்கள் என்னும்போது அவர் வீட்டைப் பார்க்கவே ஆள் குறைவு. மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அல்லது விலையைக் குறைக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்கும் தம் வீட்டுக்கும் அதே பரப்பு, அதே காற்று, அதே மின்தூக்கி. விலை மட்டும் வேறு. அரசாங்கமும் இந்தச் சிரமத்தை ஒப்புக்கொண்டிருக்கிறது. வேறு வழியே இல்லாத உரிமையாளர்களிடமிருந்து வீவகவே வீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022இல் வந்தது. அதைக் கடைசி வழியாக மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். விற்கப் பலமுறை முயன்றும் முடியாதவர்களுக்கான கதவு அது.

உங்களைப் போன்ற கலப்புத் தம்பதி வீடு வாங்கும்போது, இருவரில் ஒருவரின் இனத்தைக் குடும்பத்தின் இனமாகக் காட்டலாம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் பிடித்த வீடு கிடைத்ததும், 'இந்தியர்' என்று காட்டினால் வாங்கிவிடலாம் என்று அவசரப்படுகிறார்கள். வாங்கலாம். விற்கும் நாளில் நீங்கள் அந்தச் சிறுபான்மை உரிமையாளரின் இடத்தில் நிற்பீர்கள். வாங்கும்போதே பத்து வருடம் கழித்து யாருக்கு விற்க முடியும் என்று யோசியுங்கள். குழந்தையின் இனத்துக்கும் இப்போதைய வீட்டுக்கும் தொடர்பில்லை. அது பிள்ளை வளர்ந்து தானே வீடு வாங்கும்போதுதான் வரும்.

இதோடு ஒட்டிய ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். வாடகைக்கு அறை தேடும் நம்மவர்களிடம் "இந்த புளோக்கில் இந்தியர் கோட்டா முடிந்துவிட்டது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வெளிச்சந்தையில் முழு வீட்டை வாடகைக்கு விடும்போது பார்க்கப்படும் வரம்பு குடியுரிமை சார்ந்தது: சிங்கப்பூர்க் குடியுரிமை இல்லாத, மலேசியரும் அல்லாதவர் வட்டாரத்தில் 8 விழுக்காடு, புளோக்கில் 11 விழுக்காடு. அதில் இனம் இல்லை. இனத்தைச் சொல்லி மறுக்கிறார் என்றால் அது உரிமையாளரின் விருப்பம், அரசாங்க விதி அல்ல. 'இந்தியர் வேண்டாம், சீன நாட்டவர் வேண்டாம்' என்று வெளிப்படையாக விளம்பரம் போட்ட காலமும் இருந்தது. அப்படி விளம்பரம் போட முகவர்களுக்கு அனுமதி இல்லை. பார்த்தால் படம் எடுத்து, தேதியோடு சொத்து முகவர்களை ஒழுங்குபடுத்தும் மன்றத்துக்கு அனுப்பலாம்.

அடுத்தது பள்ளி. 'தாய்மொழி' என்று இங்கே சொல்வது வீட்டில் பேசும் மொழி அல்ல, இனத்தோடு சேர்த்துக் கட்டிய மொழி. சீனருக்கு மாண்டரின், மலாய்க்காரருக்கு மலாய், இந்தியருக்குத் தமிழ். ஹொக்கியன் பேசிய பாட்டியின் பேரனுக்கு மாண்டரின் தாய்மொழி ஆனது இப்படித்தான். 1990களிலிருந்து இந்தி, பஞ்சாபி, வங்காளம், குஜராத்தி, உருது ஆகியவற்றையும் இந்திய மாணவர்கள் எடுக்கலாம். மலையாளமும் தெலுங்கும் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் தமிழ் வகுப்பில் மலையாளப் பிள்ளையையும் தெலுங்குப் பிள்ளையையும் சாதாரணமாகப் பார்க்கலாம். கலப்புக் குடும்பத்துப் பிள்ளைக்குப் பெற்றோர் இருவர் மொழிகளில் ஒன்றை முதல் வகுப்பில் சேர்க்கும்போது தேர்ந்தெடுக்கலாம். என் கருத்தைக் கேட்டால், அடையாள அட்டையில் எது முன்னால் நிற்கிறது என்பதை விட்டுவிட்டு, வீட்டில் யார் பிள்ளையோடு தினமும் அதிகம் பேசப்போகிறார் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். 2020 கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் வீட்டில் அதிகம் தமிழ் பேசுகிறவர்கள் 2.5 விழுக்காடுதான். நீங்கள் வீட்டில் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தால் வாரத்துக்குச் சில தமிழ்ப் பாடவேளைகள் பிள்ளையைக் கரைசேர்க்காது.

சம்பளச் சீட்டிலும் இனம் உண்டு. மத்திய சேம நிதிப் பிடித்தத்தோடு ஒரு சிறு தொகை சமூக சுயஉதவி அமைப்புக்குப் போகும். 1991இல் தொடங்கிய, இந்தியர்களுக்கான சுயஉதவி அமைப்பான சிண்டாவுக்கு இந்தியர் சம்பளத்துக்கேற்ப மாதம் 1 வெள்ளியிலிருந்து 30 வெள்ளி வரை. சீன மேம்பாட்டு உதவி மன்றத்துக்குச் சீனர் 50 காசிலிருந்து 3 வெள்ளி வரை. பெரிய சமூகத்தில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டாலே போதும், சிறிய சமூகத்தில் ஆளுக்கு அதிகம் போட வேண்டியிருக்கிறது. மலாய், முஸ்லிம் சமூகத்துக்கான மெண்டாக்கி அமைப்புக்குப் பயன்படும் நிதியோ முஸ்லிம்களிடமிருந்து வருகிறது, அங்கே அளவுகோல் மதம். விருப்பமில்லையென்றால் படிவம் கொடுத்து விலகிக்கொள்ளலாம். சிண்டாவின் துணைப்பாட வகுப்புகளால் கரையேறிய பிள்ளைகளை நினைத்தால், விலகுவதற்கு முன் யோசியுங்கள் என்பேன்.

அரசியலிலும் இதே பெட்டிதான். பல வேட்பாளர்கள் ஓர் அணியாகச் சேர்ந்து ஒரு தொகுதியில் போட்டியிடும் குழுத்தொகுதி முறை 1988இல் வந்தது, அதில் ஒவ்வோர் அணியிலும் குறைந்தது ஒருவர் சிறுபான்மை இனத்தவராக இருக்க வேண்டும். ஓர் இனத்திலிருந்து ஐந்து தவணை யாரும் அதிபராகவில்லை என்றால் அடுத்த தேர்தலை அந்த இனத்துக்கு ஒதுக்கும் திருத்தம் 2016இல் வந்தது. 2017இல் மலாய்க்காரருக்கு ஒதுக்கிய தேர்தலில் ஹலிமா யாக்கோப் போட்டியின்றி அதிபரானார். அவருடைய தந்தை இந்திய முஸ்லிம், தாய் மலாய்க்காரர். 'அப்படியானால் அவர் யார்?' என்று ஊரெல்லாம் கேட்டது. கலப்புப் பிறப்புள்ள எத்தனையோ பேர் வாழும் ஊரில் அந்தக் கேள்வியே பெட்டியின் எல்லையைக் காட்டிவிட்டது. 2023இல் ஒதுக்கீடு இல்லாத அதிபர் தேர்தலில், யாழ்ப்பாணத் தமிழ்ப் பூர்விகம் உள்ள தர்மன் சண்முகரத்னம் 70.4 விழுக்காடு வாக்கு வாங்கினார். சீனர் அல்லாத ஒருவரைப் பிரதமராக ஏற்க மூத்த தலைமுறை தயாரா என்று நான்கு வருடம் முன்புவரை கேட்டுக்கொண்டிருந்த நாட்டில் நடந்தது இது. அதிபர் பதவியும் பிரதமர் பதவியும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி, பேச்சை ஏன் மாற்றுகிறார்கள் என்ற கேள்வி. இரண்டு காரணங்கள் என்று நினைக்கிறேன்.

ஒன்று, பயம். அந்தப் பயத்துக்கு வரலாறு உண்டு. 1964 ஜூலை 21 அன்று நபிகள் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது மூண்ட கலவரத்தில் 23 பேர் இறந்தார்கள், 454 பேர் காயமடைந்தார்கள். செப்டம்பரில் மறுபடி மூண்டபோது 13 பேர் இறந்தார்கள். அந்த ஜூலை 21ஐத்தான் 1997 முதல் பள்ளிகளில் இன நல்லிணக்க நாளாகக் கொண்டாடுகிறார்கள். இன உணர்வை வேண்டுமென்றே புண்படுத்துவது சட்டப்படி குற்றம். 2025 பிப்ரவரியில் இன நல்லிணக்கப் பராமரிப்புக்கென்றே தனிச் சட்டமும் நிறைவேறியது. தவறாக ஒரு வார்த்தை விழுந்தால் போலிஸ் வரைக்கும் போகுமோ என்ற எண்ணம் சாதாரண மனிதருக்கு இருக்கிறது. அதனால் வெறுப்பைச் சொல்ல அஞ்சுகிறார்கள். கூடவே, பட்ட காயத்தைச் சொல்லவும் அஞ்சுகிறார்கள். இரண்டாவது அச்சம் எனக்குக் கவலையாக இருக்கிறது. 2019இல் மின்னியல் முறையில் பணம் செலுத்தும் ஒரு சேவையின் விளம்பரத்தில் ஒரு சீன நடிகர் முகத்துக்குக் கருமை பூசி இந்தியராகவும், தலைத்துணி அணிந்து மலாய்ப் பெண்ணாகவும் வந்தார். விளம்பரத்தை எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டார்கள். அதைக் கண்டித்து வசைச்சொல்லோடு ராப் காணொளி போட்ட இரு இந்தியக் கலைஞர்களுக்குப் போலிஸ் எச்சரிக்கை கிடைத்தது. அந்தக் காணொளியின் மொழியை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் நிறைய இந்தியர்களும் மலாய்க்காரர்களும் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் 'வலித்தாலும் பேசாதே' என்பதுதான். அது நல்ல பாடம் அல்ல.

இரண்டாவது காரணம், சொல் பஞ்சம். வேற்றுமையைச் சொல்லக் கையில் இருப்பது இந்த நான்கு சொற்கள்தான். அவை எண்ணுவதற்காக உண்டாக்கிய சொற்கள், மனிதரை விளக்கப் பயன்படாதவை. நாட்டின் உறுதிமொழியை 1966இல் எழுதியவர் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்தவரும் அப்போதைய வெளியுறவு அமைச்சருமான எஸ். ராஜரத்னம். அதன் ஆங்கில மூலம், இனம், மொழி, மதம் எதையும் பொருட்படுத்தாமல் ஒன்றுபடுவோம் என்ற பொருளில் செல்கிறது. நம் தமிழ் வடிவமோ 'வேற்றுமைகளை மறந்து ஒன்றுபட்டு' என்கிறது. பொருட்படுத்தாமல் இருப்பதும் மறப்பதும் வேறு வேறு. பொருட்படுத்தாதவருக்கு எதிரே இருப்பவரின் வேற்றுமை தெரியும், அதனால் அவரைக் குறைத்து நடத்தமாட்டார். மறந்தவருக்கு எதிரே இருப்பவரின் அனுபவமே தெரியாது. 'நான் இனமே பார்ப்பதில்லை' என்று சொல்கிறவர் பெரும்பாலும் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். வாடகைக்கு வீடு மறுக்கப்பட்டவரிடம் அதைச் சொன்னால், உன் பிரச்சினை என் கண்ணில் படவில்லை என்றுதான் கேட்கும்.

நடைமுறையில் உதவும் வழி ஒன்று உண்டு. யாராவது 'இனம்' என்று சொன்னதும், அவர் சொல்வது எதை என்று பிரித்துப் பாருங்கள்: தோல் நிறமா, மொழியா, மதமா, குடியுரிமையா, வேலை அனுமதியின் தரமா, சமையல் வாசனையா? பெரும்பாலான சண்டைகள் இங்கே பிரிக்காததால் வருகின்றன. 'சீக்கா' என்ற வசையைப் பாருங்கள். 2005இல் இந்தியாவும் சிங்கப்பூரும் செய்துகொண்ட பொருளாதார உடன்பாட்டின் பெயர்ச்சுருக்கம் அது. வேலைப் போட்டி பற்றிய கோபம், இந்தியக் குடியுரிமை உள்ள உயர்பதவிக்காரர்கள்மேல் திரும்பி, பிறகு இந்திய முகம் உள்ள எல்லோர்மேலும் விழுந்தது. தேசிய சேவை செய்து முடித்த உள்ளூர்த் தமிழ் இளைஞரும் பேருந்தில் அந்தச் சொல்லைக் கேட்க நேர்ந்தது. வேலைப் போட்டியைப் பற்றிப் பேச வேண்டியதை முகத்தைப் பற்றிப் பேசியதன் விளைவு.

நம் பக்கமும் சுத்தமில்லை. உள்ளூர்த் தமிழர் 'ஊர்க்காரன்' என்று இழுத்துச் சொல்வதும், படித்து வந்தவர்கள் கட்டுமான ஊழியர்களோடு ஒரே மேசையில் உட்காரத் தயங்குவதும், சீனரையும் மலாய்க்காரரையும் பற்றித் தமிழில் பேசினால் அவர்களுக்குப் புரியாது என்ற தைரியத்தில் உதிரும் சொற்களும் நமக்குத் தெரிந்தவைதான். உங்கள் குழந்தைக்கு இரண்டு பக்கமும் புரியும் என்பதை வீட்டில் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை விளம்பரத்தில் 'மாண்டரின் பேசுபவர் விரும்பப்படுவர்' என்று பார்த்தால், வேலைக்கு அந்த மொழி ஏன் தேவை என்பதை விளம்பரமே சொல்ல வேண்டும் என்பது நியாயமான வேலை நியமன வழிகாட்டி. சீனச் சுற்றுப்பயணிகளுக்கு வழிகாட்டும் வேலை என்றால் காரணம் உண்டு. கிடங்கில் கணக்கு எழுதும் வேலைக்கு என்றால் கேட்கலாம். 2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டம் இனத்தையும் மொழித்திறனையும் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 25 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் விலக்கு உண்டு.

பள்ளியில் பிள்ளையிடம் யாராவது "இருட்டில் நின்றால் பல் மட்டும்தான் தெரியும்" என்று சொல்லும் நாள் வரலாம். 'விளையாட்டுக்குச் சொன்னான், விடு' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். என்ன சொன்னான், யார் சிரித்தார்கள், உனக்கு எப்படி இருந்தது என்று முதலில் கேளுங்கள். பிறகு ஒரே வாக்கியம் சொல்லிக்கொடுங்கள்: "அப்படிச் சொல்லாதே, எனக்குப் பிடிக்கவில்லை." சொன்னவனை இனவெறியன் என்று அழைக்கச் சொல்லிக்கொடுத்தால் பேச்சு அவன் குணத்தைப் பற்றியதாக மாறி, ஆசிரியர் இருவரையும் சமாதானப்படுத்துவதில் முடியும். சொல்லைப் பிடித்தால் சொல் நிற்கும். திரும்பத் திரும்ப நடந்தால் தேதியோடு எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுங்கள், வாய்வார்த்தையாக விடாதீர்கள். இன நல்லிணக்க நாளுக்குப் பிள்ளையைச் சேலையிலோ பாஜு குரோங்கிலோ சியோங்சாமிலோ அனுப்பும்போது, அந்த உடையை வீட்டில் யார் உடுத்துவார்கள், எந்த நாளில் என்று ஐந்து நிமிடம் சொல்லி அனுப்புங்கள்.

கட்டத்துக்கு வருவோம். உங்கள் நிலைமையில் நான் இரட்டைப் பதிவையே சொல்வேன், பிள்ளையின் பிறப்பை உள்ளபடி சொல்வது அதுதான் என்பதால். எது முன்னால் என்பதை உங்கள் மனைவியோடும் இரண்டு வீட்டுப் பெரியவர்களோடும் உட்கார்ந்து பேசுங்கள். வீடு வாங்க முன்னிற்கும் இனம் மட்டுமே பார்க்கப்படும் என்பதையும், பள்ளி மொழியைத் தனியாகத் தேர்ந்தெடுக்கலாம் என்பதையும் பாட்டிமார் இருவருக்கும் முதலிலேயே விளக்கிவிட்டால், சிறுகோட்டுக்கு எந்தப் பக்கம் யார் என்பதில் பாதிச் சண்டை குறையும்.